பையன் பர்மனென்ட்டா?

வாலாஜாபாத் பக்கம் வரன் பேச்சு எடுத்தால், ஜாதகத்துக்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்து விழுகிறது: "பையன் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" பெண்ணின் அப்பா கேட்கத் தயங்கினால் தாய்மாமன் கேட்பார். அவரும் தயங்கினால் தரகரே முந்திக்கொள்வார்: "ஒரகடத்துல பெரிய கம்பெனிங்க. அடுத்த வருஷம் கன்ஃபர்ம் ஆயிடும்." அந்த அடுத்த வருஷம் சில வீடுகளில் மூன்று நான்கு வருஷமாக அடுத்த வருஷமாகவே இருக்கிறது.

கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும். வரிசையாக வரும் கம்பெனி பஸ்களில் ஏறுகிற பிள்ளைகள் எல்லோருடைய கழுத்திலும் ஐ.டி. கார்டு தொங்குகிறது. ஆனால் ஒருவர் ட்ரெய்னி, ஒருவர் அப்ரெண்டிஸ், ஒருவர் எஃப்.டி.சி எனப்படும் குறித்த கால நியமனம், ஒருவர் கான்ட்ராக்ட். ஒரே லைனில், ஒரே வேலையைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யும் இருவருக்குச் சம்பளம் வேறு, போனஸ் வேறு. சில இடங்களில் சட்டையின் நிறமும் வேறு. பர்மனென்ட் ஆனவர்கள்தான் கரையேறினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. மறைமலை நகர் ஃபோர்டு 2022-இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. செட்டில்மென்ட் பணத்தோடு வீடு திரும்பியவர்களில் எத்தனையோ பேர் முதல் கேள்விக்கு "பர்மனென்ட்" என்று பதில் சொல்லிப் பெண் எடுத்தவர்கள்.

வேலை எந்த மாதமும் போகலாம். வாடகை வீட்டுக்குப் பதினோரு மாத அக்ரிமென்ட். வண்டிக்குத் தவணை, போனுக்குத் தவணை. இப்படி எல்லாமே கெடு வைத்து நடக்கிற ஊரில், ஆயுளுக்கும் என்று எழுதாமலேயே எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஏற்பாடு ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. கல்யாணம்.

அதை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஒப்பந்தம் என்றால் கணக்கு தெளிவு. நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன். நீ தவறினால் என் கை கழன்றது. உடன்படிக்கை வேறு வகை. நாலு பேரைச் சாட்சி வைத்து, எதிராளி என்ன செய்வார் என்று பாராமல், என் பங்கை நான் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. அவர் படுத்த படுக்கையானாலும், கம்பெனி மூடினாலும், அந்த வாக்கு காலாவதி ஆகாது. கல்யாணம் இந்த இரண்டாவது வகை என்று மேடையில் பேசாதவர் இல்லை. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் மேடையை விட்டு இறங்கி மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய பேச்சுவார்த்தையை உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். பவுன் எத்தனை, வண்டி யார் பெயரில், மண்டபச் செலவு யாருடையது, சாப்பாடு எத்தனை இலை, தலைதீபாவளிக்கு என்ன, வளைகாப்புக்கு என்ன. ஒவ்வொரு வரியும் இழுத்துப் பிடித்துப் பேசப்படுகிறது. கூறைப்புடவைக்கு இங்கே வெளியூர் போக வேண்டியதில்லை. ஐயம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் காஞ்சிபுரம் போகிற வழியில் இருக்கும் நெசவு ஊர்கள். அந்தத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே இப்போது கம்பெனி பஸ் ஏறிவிட்டதால், புடவையின் விலை மட்டும் பேச்சில் தனியாக ஒரு தலைப்பு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. அதன் பிறகு அந்தச் சொல் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டு, "உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க" என்ற வாக்கியம் அதன் இடத்துக்கு வந்தது.

ஆக, நம் கல்யாணத்தில் ஒப்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. கறாராகவே இருக்கிறது. அது இரண்டு குடும்பங்களுக்கு இடையே நடக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் பேசும் கட்சிக்காரர்கள்கூட இல்லை, பேசப்படும் பொருள். மறுநாள் காலை அதே இருவரை மணவறையில் உட்காரவைத்து, அக்கினி சாட்சியாக ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம். பையன் பக்கம் ஒப்பந்தம் தவறினால் உடனே நினைவூட்டுவார்கள். பெண் பக்கம் வாக்குத் தவறினால் தெய்வக் குற்றம்.

இந்த முரணை முதலில் போட்டு உடைத்தவர்கள், வேடிக்கையாக, கல்யாணத்தை ஒப்பந்தம் என்றே அழைத்தவர்கள். சுயமரியாதைத் திருமணம் 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்ததிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, கன்னிகாதானம் இல்லை. பெரியார் பார்வையில் கல்யாணம் தெய்வீகம் அல்ல. இரண்டு பேர் சமமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதனால்தான் திராவிட இயக்கக் குடும்பங்களின் அழைப்பிதழில் இன்றைக்கும் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று இருக்கும்.

அந்தத் திருமணங்களுக்குச் சட்டம் வெகுகாலம் வாசலைத் திறக்கவில்லை. சுயமரியாதை முறையில் நடந்தது செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னபோது, எத்தனையோ பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லாமல் போனார்கள். பிள்ளைகளின் சொத்துரிமையும் ஆட்டம் கண்டது. முடிச்சை அவிழ்த்தவர் வாலாஜாபாத்திலிருந்து அரை மணி பஸ் தூரத்து ஊர்க்காரர். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, 1967-இல் முதலமைச்சரான கையோடு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், உன்னைக் கணவனாக ஏற்கிறேன், மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினால் போதும். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று பின்னோக்கியும் கதவு திறந்தது.

'புரிகிற மொழியில்' என்ற நிபந்தனையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். வாக்கு என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுப்பவர் வாயிலிருந்து, அவருக்குப் புரிகிறபடி வர வேண்டாமா? அப்பா தாரை வார்த்துக் கொடுக்க, இன்னொருவர் மந்திரம் சொல்ல, மேளக்காரர் கெட்டிமேளம் கொட்ட, பெண் ஒரு வார்த்தை பேசாமல் தலை குனிந்திருக்கும் சடங்கில் உடன்படிக்கை எங்கே இருக்கிறது? ஒப்பந்தம் என்று பெயர் வைத்தவர்கள்தான் இருவரையும் வாய் திறந்து பேசவைத்து உடன்படிக்கைக்குக் கிட்டத்தில் போனார்கள். அவர்களும் முழுக்கச் சரியாகச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைவர்கள் ஆளுக்கு அரை மணி பேசுவார்கள். மணமக்களின் உறுதிமொழி ஒரு நிமிஷத்தில் முடியும். பவுன் பேச்சு அந்த வீடுகளை விட்டும் ஒழிந்துவிடவில்லை.

சடங்கு தன்னளவில் வாக்கைக் காப்பாற்றாது என்பதற்குத் திருத்தணியில் நடந்த ஒரு கல்யாணம் சாட்சி. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்க, ஒருவர் 1984-இல் அங்கே ஒரு மண்டபத்தில் இன்னொரு பெண்ணை மணந்தார். மனைவி வழக்குப் போட்டார். கணவர் சொன்ன பதில் அபாரமானது: இரண்டாவது கல்யாணத்தில் சப்தபதி, அதாவது அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கும் சடங்கு நடக்கவே இல்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, ஆகவே இருதார மணக் குற்றமும் இல்லை! கல்யாணம் புனிதச் சடங்கு என்ற வாதத்தை முதல் மனைவிக்கு எதிராகவே திருப்பிப் பிடித்தார். உச்ச நீதிமன்றம் 2001-இல் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 7ஏ இருக்கிறது, ஏழடி வைக்காவிட்டாலும் அது கல்யாணம்தான், குற்றமும் குற்றம்தான் என்றது. புரோகிதரை வேண்டாம் என்றவர்கள் போட்ட சட்டம், முறைப்படி மணந்த ஒரு மனைவிக்குத் துணை நின்ற கதை இது.

நீதிமன்றங்களே இந்த விஷயத்தில் இரண்டு குரலில் பேசுகின்றன. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில், சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை, வழக்கறிஞர்கள் முன்னிலையில் நடந்தாலும் செல்லும் என்றது. 2024 ஏப்ரலில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், இந்துத் திருமணம் ஆட்டம் பாட்டு விருந்து நிகழ்ச்சியல்ல, புனிதமான பந்தம்; உரிய சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருந்தால் அது திருமணமாகாது என்றது. படிப்பவருக்கு முரணாகத் தெரியலாம். எனக்கு இரண்டும் வேறு வேறு ஆட்களைப் பார்த்துச் சொன்னதாகப் படுகிறது. இரண்டாவது தீர்ப்பு கல்யாணத்தை விளையாட்டாக எடுப்பவர்களுக்கு. முதல் தீர்ப்பு, ஊரைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகள் மாலையும் கையுமாகக் காவல் நிலையத்தில் தஞ்சம் புகும் மாநிலத்தில், சாட்சிக்கு நூறு உறவினர் வேண்டும் என்று சட்டம் சொன்னால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சொன்ன சொல்லுக்காக வீட்டை, ஊரை, சில சமயம் உயிரையே விட்டவர்கள் அவர்கள். உடன்படிக்கையைப் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க ஒன்றும் இல்லை.

பழைய நூல்களும் சடங்கை வாக்குக்குப் பின்னால்தான் நிறுத்துகின்றன. பொய்யும் தவறும் மலிந்த பிறகே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியத்தின் கற்பியல். முதலில் சொல் இருந்தது. சொல்லைக் காப்பாற்றாதவர்கள் பெருகியதால் சாட்சியும் சடங்கும் வந்தன. அகநானூற்றின் 86-ஆம் பாட்டு காட்டும் கல்யாணத்தில் புது மணல் பரப்பிய பந்தல், விளக்கு, உளுந்து சேர்ந்த விருந்து எல்லாம் உண்டு. தீ வளர்த்த பேச்சு இல்லை, தாலிப் பேச்சும் இல்லை. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் நீராட்டி வாழ்த்துகிறார்கள், அவ்வளவுதான்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்து இதைப் பேசும்போது நிக்காஹைத் தள்ளி வைக்க முடியாது. அது வடிவத்தில் ஒப்பந்தமேதான்: கேட்பு, ஒப்புதல், சாட்சிகள், மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர், ஜமாஅத் பதிவேட்டில் கையெழுத்து. அதே உறவைக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் உறுதியான உடன்படிக்கையாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே கல்யாணத்தில் வைத்திருப்பதில் அவர்களுக்குத் தடுமாற்றம் இல்லை. பெண்ணின் உரிமை எழுத்தில். மற்றது இறைவன் சாட்சியாக. மஹரை எழுதிவிட்டு இன்னொரு கையால் வரதட்சணை வாங்குகிற வீடுகள் அங்கேயும் உண்டு. அந்தச் சமூகத்துப் பெரியவர்களே அதைக் கடிந்து பேசக் கேட்டிருக்கிறேன்.

உடன்படிக்கையைச் சட்டமாகவே போட்டுப் பார்த்த ஊரும் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1997-இல் 'உடன்படிக்கைத் திருமணம்' என்று தனி வகை ஒன்றை ஏற்படுத்தியது. அரிசோனாவும் ஆர்கன்சாவும் பின்தொடர்ந்தன. சாதாரணத் திருமணமா, இதுவா என்று ஜோடியே தேர்ந்தெடுக்கலாம். இதை எடுத்தால் கல்யாணத்துக்கு முன் ஆலோசனை கட்டாயம். விவாகரத்து எளிதில் கிடைக்காது. ஆர்கன்சா ஆளுநர் மைக் ஹக்கபி 2005 காதலர் தினத்தன்று பெருங்கூட்டத்தின் முன்னால் மனைவியோடு இந்த வகைக்கு மாறிக் காட்டினார். ஆனாலும் மக்களிடம் எடுபடவில்லை. லூசியானாவில் மணம் முடிப்பவர்களில் நூற்றுக்கு ஓரிருவர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தப்பிக்கும் வாசலைப் பூட்டுவதாக வாக்குக் கொடுக்க மாட்டார்களாம், மனிதர்கள். புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

நம் ஊரில் அந்த வாசலைச் சட்டம் பூட்டியதைவிட உறவு பூட்டியதுதான் அதிகம். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, அடுத்ததை நாத்தனார் போடும் வழக்கம் இந்தப் பக்கமும் உண்டு. அழகான ஏற்பாடு, என் அண்ணன் தவறினால் நான் கேட்பேன் என்ற பொறுப்பு அதில் இருக்கிறது. நடைமுறையில் நாத்தனார் அண்ணனிடம் கேட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று அண்ணியிடம் சொன்னதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிற்பட்டையில் அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் முதலில் வேலையை விடுவது. சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில், பெண்களை இரவு ஷிப்டில் அமர்த்தக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. செல்போன் ஆலைகள் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தக் கதவு வழியாக உள்ளே போனார்கள். தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பி, தம்பியைப் படிக்கவைத்து, தன் கல்யாணத்துக்குத் தானே நகை சேர்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கு மேல். கல்யாணம் ஆனதும் அவர்களில் பலர் இந்தச் சாலையிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

எல்லோரும் விரும்பி விட்டுவிட்டுப் போனதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு ஆள் எடுப்பதில் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு என்ற காரணங்களோடு, தாலியும் மெட்டியும் உலோகம் என்பதால் உற்பத்திக்கு இடைஞ்சல் என்ற காரணமும் அந்தச் செய்தியில் இருந்தது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர் மணமான பெண்கள் என்ற விளக்கமும் வந்தது. ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் பேதம் கூடாது என்று அப்போது அமலில் இருந்த 1976-ஆம் வருடத்துச் சம ஊதியச் சட்டமே சொன்னது. மணமானவர், மணமாகாதவர் என்று பார்ப்பதைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை.

இதன் பொருளை அந்தப் பெண்கள் நிலையில் நின்று பார்க்க வேண்டும். ஆணுக்குக் கல்யாணம் ஆனால் 'பொறுப்பு வந்துவிட்டது' என்று சூப்பர்வைசர் தட்டிக்கொடுக்கிறார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் 'இனி நிற்க மாட்டாள்' என்று பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறார்கள். ஒரே உடன்படிக்கை ஒருவருக்குத் தகுதிச் சான்று, இன்னொருவருக்கு வேலைநீக்க உத்தரவு. கையில் சம்பளம் இல்லாத நிலையில் ஒருத்தி கல்யாணத்தில் நிலைத்திருந்தால், அது கொடுத்த வாக்குக்காகவா, போக்கிடம் இல்லாததாலா என்று அவளுக்கே தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் அரசு சாமர்த்தியமாக ஒன்று செய்தது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமாகத் தொடங்கி, பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்த்துத் தந்ததை, 2022-இல் அப்படியே கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாக மாற்றியது. அதுதான் இன்றைய புதுமைப் பெண் திட்டம். தாலிக்குத் தங்கம் போச்சே என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது கல்யாணத்துக்குச் செய்த உதவியாகவே தோன்றுகிறது.

வாலாஜாபாத் ரயில் நிலையத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒரு ஜோடி. பெயர் வேண்டாம் என்றார்கள். கணவர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில். ஏ, பி, சி என்று வாரம் ஒரு ஷிப்ட். அவர் மனைவி மின்னணுச் சாமான் கம்பெனியில் இரண்டு ஷிப்ட். குழந்தைக்கு மூன்று வயது. சமையலறைச் சுவரில் இரண்டு மாதக் காலண்டர். அவருடைய ஷிப்ட் நீல மையில், இவருடையது சிவப்பு மையில். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கும் ராத்திரிகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மாதம் வட்டங்கள் குறைவுதான்.

"சில நாள் அவரு பஸ்ஸுல இருந்து எறங்குவாரு, நான் ஏறுவேன். கொழந்தையையும் வீட்டுச் சாவியையும் ஒண்ணா கையில குடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார் மனைவி. "சண்டை போடக்கூட நேரம் கெடையாதுங்க. ஞாயித்துக்கெழம போட்டுக்கலாம்னு எடுத்து வெப்போம். ஞாயித்துக்கெழம வந்தா எதுக்குச் சண்டைன்னு மறந்துபூடும்."

கணவர் சிரித்துக்கொண்டே அடுப்புக்குப் பக்கத்திலிருந்த நோட்டை எடுத்துக் காட்டினார். கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எந்த மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதே வழக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது. 'சளி மாத்திரை 8 மணிக்குக் குடுத்தாச்சு. மாவு அரைச்சாச்சு, உப்பு போடல. கேஸ் புக் பண்ணணும்.' கீழே கணவரின் கையெழுத்தில்: 'புக் பண்ணியாச்சு. உப்பு போட்டாச்சு.' எட்டிப் பார்த்த வரைக்கும் பாதிப் பக்கங்கள் அந்தப் பெண்ணின் கையெழுத்து, பாதி அவருடையது. மாமியார் வந்து பார்த்துவிட்டு, ஆம்பளைப் பிள்ளை மாவுக்கு உப்பு போடுவதா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாராம். இப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவரே மாதத்தில் பத்து நாள் வந்து தங்குகிறார். அவருக்கும் அதே நோட்டில் பக்கம் உண்டு.

வாக்கு கொடுக்கும் நாளுக்கு மண்டபம், மேளம், வீடியோ எல்லாம் இருக்கின்றன. வாக்கைக் காப்பாற்றும் நாள்கள் இந்த மாவுக்கு உப்பு போடுகிற மாதிரியான நாள்கள். அதை இரண்டு பேரும் எழுதினால்தான் நோட்டு நிறையும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடிக்கிறவரோடும் குடித்துவிட்டுச் சம்பளத்தை அழிக்கிறவரோடும் வாழ்ந்தே தீர வேண்டும் என்பது உடன்படிக்கை ஆகாது. மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் பெண்ணை, "பேசி அனுப்பி வைக்கிறோம்" என்று திரும்பத் திரும்ப அதே வீட்டுக்கு அனுப்புவதைப் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. அந்த வீட்டிலேயே பாதுகாப்பாகத் தங்கும் உரிமையையும் அது தருகிறது. பரஸ்பர சம்மதத்தில் பிரிவதற்கான, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு 1976-இலேயே வந்தது. அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தேவையில்லாத இடத்தில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணத்தைத் தன் சிறப்பு அதிகாரத்தால் தானே முடித்துவைக்கலாம் என்று 2023-இல் சொன்னது. விவாகரத்து பெருகினால் குடும்பம் அழியும் என்று பதறுகிறவர்கள், சாவி கையில் இருந்தும் வீட்டை விட்டுப் போகாதவர்களைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இருப்பதற்குத்தான் மதிப்பு.

வேறு எதைச் செய்யாவிட்டாலும், கல்யாணத்தைப் பதிவு செய்கிற வேலையையாவது மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே யோசிக்கலாம். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடத்துச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கம்பெனியில் கல்யாண லீவு வாங்கவே பாடுபடும் பிள்ளைகள் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், பாஸ்போர்ட்டுக்கோ இ.எஸ்.ஐ.க்கோ அலையும்போதுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

போன ஆவணியில் ஐயம்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். தெரிந்த குடும்பம். பெண் ஒரகடத்தில் குவாலிட்டி செக்ஷனில். பையன் ஸ்ரீபெரும்புதூரில், இன்னும் கான்ட்ராக்ட். அது தெரிந்தே சம்மதித்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன், லக்னப் பத்திரிகை வாசித்து முடித்ததும், "யாராவது ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்" என்று பெரியவர் வழக்கம்போல ஒப்புக்குக் கேட்டார். யாரும் எதிர்பாராமல் பெண் எழுந்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். நைட் ஷிப்ட் வரும். அன்னைக்கு நீங்கதான் சமைக்கணும். எல்லாரு முன்னாடியும் சொல்லிடுங்க."

அவளுடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பையனின் சித்தப்பா தொண்டையைச் செருமினார். பையன் அக்காவைப் பார்த்தான். அக்கா, "என்னைப் பாக்காத, அவளுக்குப் பதில் சொல்லு" என்றார்.

"சாம்பார் வராது" என்றான் பையன். "ரசம் வைப்பேன். முட்டை பொரிப்பேன்."

"வாரத்துல ரெண்டு நாள் வரும்."

"ரெண்டு நாளும் ரசம்தான்."

பெரியவர் தட்டை எடுக்கச் சொன்னார்.